மாற்றியவர் பெயர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்ளலாம். காரணம் அதுவல்ல. அவருடைய பெயர் இருக்கக்கூடாத ஓரிடத்தில் ஏற்கெனவே ஒரு தடவை எழுதப்பட்டுவிட்டது. அப்படி நடந்ததற்கு நான்தான் காரணம். இரண்டாவது தடவை அவரைக் கேட்காமல் எழுத எனக்கு வாயும் இல்லை, முகமும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், தன் பெயரை எழுதுவதில் அவரைப்போல ஆசை பிடித்த ஒருவரை நான் கண்டதில்லை. சாப்பாட்டுப் பெட்டி, தேநீர்க் கோப்பை, குடை, மேசையில் நின்ற சின்னக் காற்றாடி, மின்சாரத்தை இழுத்துக்கொண்டு போகும் நீட்டு வயர் எல்லாவற்றிலும் கறுப்பு மார்க்கரால் பெரிய பெரிய எழுத்தில் அவர் பெயர் இருக்கும். எங்கள் கந்தோர் மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணினி வேலை செய்து கொடுக்கும் பதினொரு பேர். அவர் வந்து சேர்ந்த முதல் கிழமையிலேயே, 'ஆள் சரியான கஞ்சம்' என்று பதினொரு பேரும் ஒரு மனதாக முடிவு கட்டினோம்.

இரண்டாம் கிழமை எனக்கு அந்த நீட்டு வயர் தேவைப்பட்டது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எடுங்கண்ணா. அதுக்குத்தானே பேர் எழுதி வச்சிருக்கு" என்றார்.

நான் விளங்காமல் நின்றேன்.

"பேர் இல்லாத சாமானை நாலு பேர் எடுத்தா, நாலாவது ஆளுக்கு யார்ட்ட திருப்பிக் குடுக்கிறதுன்னு தெரியாது. அப்புறம் அது மூலையில கிடக்கும். ஒருத்தருக்கும் உதவாது. பேர் இருந்தா பயப்படாம எடுக்கலாம், பயப்படாமக் குடுக்கலாம், விளங்குதோ?"

தமிழ்நாட்டில் ஆரம்பித்து மன்னாரில் வந்து முடிந்த பேச்சு. அவர் பிறந்து வளர்ந்தது அக்கரையில், அகதி முகாமில். இருபது வயதுக்குப் பிறகுதான் குடும்பம் விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்தது. போகப்போக, சாதாரண நேரத்தில் எங்களைப்போலக் கதைக்கப் பழகிக்கொண்டார். மனம் கலங்கினால் முகாம் தமிழ் வந்துவிடும். முகாமில் எல்லா வீட்டுக்கும் ஒரே நிறக் குடம் கொடுத்தார்களாம். அவருடைய அம்மா மட்டும் குடத்தின் அடியில் பெயின்டால் பெயர் எழுதி வைத்தாராம். அதனால் அந்த வரிசையில் குடம் இரவல் கேட்கிறவர்கள் எல்லாம் அவர்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். "குடத்துக்குப் பேர் இருந்தது, வீட்டில குடம் இல்லை" என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் குணத்தைத்தான் அவர் எங்கள் வேலைக்குள்ளும் கொண்டுவந்தார். எங்கள் வேலை இதுதான்: தூரதேசத்தில் எங்கேயோ இருக்கிற வாடகைக் கணினிகளை இங்கிருந்து எழுதியே உருவாக்குவது. என்ன வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி ஓடவிட்டால், அங்கே சேர்வரும் தரவுத்தளமும் தானாக அமைந்துவிடும். மன்னாரில், கொழும்பில், யாழ்ப்பாணத்தில் என்று எங்கள் நிறுவனத்துக்கு ஏழு அணிகள். அவர் வருவதற்கு முன் ஏழு அணியும் ஏழு விதமாக எழுதிக்கொண்டிருந்தோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் கேட்காமல் பிரதி எடுப்பார். பிழையும் சேர்ந்தே பிரதியாகும். எங்கே தொடங்கிய பிழை என்று தேடினால் எல்லோரும் மற்றவரைக் கை காட்டுவோம்.

அவர் அதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தார். ஒரு தடவை சரியாக எழுதி, வேண்டியவர்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி சிறு சிறு துண்டுகளாக வைத்தார். மொடியூல் என்பது அதற்கு எங்கள் தொழிலில் பெயர். அவர் அந்த இடம் முழுவதையும் 'அலுமாரி' என்றார், நாங்களும் அப்படியே அழைத்தோம். ஒவ்வொரு மொடியூலின் தலையிலும் நான்கு விடயம் எழுதியிருக்கும். இது என்ன செய்யும், என்ன செய்யாது, யார் யார் எடுத்திருக்கிறார்கள், பிழை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும். நான்காவதில் எப்போதும் அவர் பெயரும் கைத்தொலைபேசி எண்ணும் இருக்கும். எடுத்தவர்களின் பட்டியலிலும் தன்னைத்தான் முதலாவதாகப் போட்டிருப்பார். தான் எழுதியதைத் தானே முதலில் பாவித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

இன்னொரு பிடிவாதமும் இருந்தது. ஒரு மொடியூலுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் குத்தி வெளியே விட்டால், பிறகு அந்த எண்ணுக்குள் யாரும் கைவைக்கக்கூடாது. ஓர் எழுத்துப் பிழை என்றாலும் புது எண்தான். புது எண் விட்டால் பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும்.

"மெயில் போட்டா போதாதோ?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"மெயில் பாத்தனான் எண்டு சொல்லுறவை ஒருத்தரும் பாத்திருக்க மாட்டினம் அண்ணா."

கொழும்பு அணித் தலைவர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர். தனக்குத் தெரிந்த தமிழில் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல ஒப்புவிப்பார். நாங்கள் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். கூப்பிட்டவர் சிரிக்க மாட்டார். கடைசிச் சொல்வரை கேட்டு, "சரி, நன்றி" என்ற பிறகுதான் அடுத்த எண்ணை அழுத்துவார்.

குடைக் கதையைச் சொல்லவேண்டும். ஒரு மாரி நாள் அவருடைய குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். பாலத்துப் பக்கமிருந்து வந்த காற்று குடையை வெளிப்புறமாக மடித்து ஒரு கம்பியை உடைத்துப்போட்டது. நான் கெட்டிக்காரன் அல்லவா? இரும்புக் கடையில் மெல்லிய கம்பி வாங்கி, இறுக்கிக் கட்டி, ஈரம் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். விரித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குள் பெருமை வேறு.

அவர் விரிக்கவே இல்லை. கையில் எடுத்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"உடைஞ்சது பரவாயில்லை அண்ணா. சொல்லாமச் சரிபண்ணினீங்களே, அதுதான் பிழை. அடுத்ததா எடுக்கிறவர் நல்ல குடை எண்டு நம்பித்தானே மழைக்குள்ள இறங்குவார்?"

பிறகு மேசையிலிருந்து ஒரு சின்ன அட்டைத் துண்டை எடுத்து, துளை போட்டு, நூல் கோத்து என்னிடம் நீட்டினார். "எழுதுங்கோ. ஒரு கம்பி உடைஞ்சது, கட்டியிருக்கு. கீழ உங்கட பேர்."

"நீங்களே எழுதுங்கோவன், உங்கட குடைதானே."

"செய்தவர்தான் எழுதவேணும். நான் எழுதினா அது கோள் சொல்லுறதாப் போயிடும்."

நான் சிரித்துக்கொண்டே எழுதினேன். 'உடைத்தவர்' என்று எழுதி, முன்னால் ஒரு பட்டமும் சேர்த்து, என் பெயரைப் போட்டேன். அவரும் சிரித்துவிட்டார். அந்த அட்டை குடைப்பிடியில் ஆடிக்கொண்டு பல மாரி கண்டது. கேவலம் ஒரு குடைக்கு என் பெயரை எழுத என்னால் முடிந்தது.

அலுமாரிக்குள் எதுவும் வைக்க வேண்டுமென்றால் ஒரு திறப்பு வேண்டும். திறப்பு என்றால் கடவுச்சொல்தான். வைப்பவர் யாராக இருந்தாலும், அலுமாரியைத் தொடங்கிய அவருடைய பெயரில்தான் பதிவாகும். வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தார், பிழை வந்தால் முதலில் தன்னிடம் வரட்டும் என்று. முதலில் அந்தத் திறப்பு அவரிடம் மட்டும் இருந்தது. ஒருநாள் எனக்கும் தந்தார். "நான் இல்லாத நேரம் ஒருத்தராவது இருக்கவேணும். உங்களிட்ட இருந்தா எனக்கு நிம்மதி" என்றார். பதினொரு பேரில் என்னைத் தெரிந்தெடுத்தார். எனக்கு அது பெரிய விடயமாகத் தெரியவில்லை.

அவருடைய தங்கைக்குக் கல்யாண எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், வந்தது. வியாழன் தொடங்கி லீவு போட்டுவிட்டு விடத்தல்தீவுக்குப் போனார். வெள்ளிக்கிழமை நான் ஒரு சோதனை வேலைக்காக அவருடைய தரவுத்தள மொடியூலை எடுத்தேன், மூன்றாம் எண். சோதனை என்பதால் தரவுத்தளத்தை நாலைந்து தடவை அழித்து அழித்துக் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் அந்த மொடியூலுக்குள் அவர் ஒரு வரி போட்டிருந்தார்: இதை யார் சொன்னாலும் அழிக்காதே. அழிக்கப் போகும்போதெல்லாம் அது குறுக்கே நின்று மறித்தது. எனக்கு எரிச்சல் வந்தது. அந்த வரியை எடுத்தேன். எடுத்த கையோடு, தரவுத்தளத்துக்குப் பெயர் வைக்கும் முறையும் வடிவாக இல்லை என்று அதையும் மாற்றினேன்.

முறைப்படி அதற்கு நான்காம் எண் குத்த வேண்டும். ஏழு அணிக்கும் கூப்பிட வேண்டும், ஏழு பேரும் ஒப்புவிக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் யாருக்குப் பொறுமை இருக்கிறது? என்னிடம் திறப்பு இருந்தது. பழையதன் மேல் இருந்த மூன்று என்ற எண்ணைக் கழற்றி, நான் மாற்றியதன் மேல் ஒட்டினேன். ஐந்து நிமிட வேலை. திங்கட்கிழமை பழையபடி ஆக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எங்களுடைய பெரிய வாடிக்கையாளர், தனியே வாழும் முதியவர்களின் வீடுகளுக்குத் தாதிமாரை அனுப்பும் ஒரு வெளிநாட்டு நிறுவனம். யார், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு, என்ன மருந்து என்ற விபரமெல்லாம் கொழும்பு அணி பராமரித்த தரவுத்தளத்தில் இருந்தது. அவர்களும் மூன்றாம் எண்ணைத்தான் எடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை நான் கந்தோருக்கு வருமுன்பே அவர்கள் வழமைபோல ஓடவிட்டிருந்தார்கள். பெயர் மாறியிருந்ததால், இது வேறொரு தரவுத்தளம் என்று இயந்திரம் எண்ணியது. பழையதை அழித்துவிட்டு வெறுமையாகப் புதிதொன்று கட்டியது. அழிக்காதே என்று மறிக்க அந்த வரி அங்கே இல்லை.

அவர்கள் ஏன் வாசித்துப் பார்க்கவில்லை என்று கேட்கலாம். எண் மாறாதவரை உள்ளே ஒன்றும் மாறாது என்று அவர்தான் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் அந்த வாக்கை நம்பினார்கள்.

கொழும்பு அணித் தலைவர் மொடியூலின் தலையைப் பார்த்தார். அங்கே இருந்த தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டார். அவர் அப்போது தங்கையின் எழுத்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாராம். தம்பியின் மோட்டார் சைக்கிளில், கட்டிய பட்டுச் சேலையோடு, தலையில் பூவோடு மத்தியானத்துக்குள் கந்தோரில் வந்து இறங்கினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. முதல்நாள் எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்கப் பின்னேரம் மூன்று மணியானது. நான் பக்கத்தில் இருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், தேநீர் எடுத்துக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. பின்னால் வந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது. விடியற்காலையில் தாதி வரவேண்டிய ஒரு மூதாட்டி மத்தியானம்வரை கட்டிலிலேயே காத்திருந்தாராம். அந்த வரியை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் விசாரணை. மனேஜரின் அறையில் அவரும் நானும், திரையில் கொழும்பு அணித் தலைவர்.

"உங்கட பேரிலதான் வெள்ளிக்கிழமை மாத்தியிருக்கு. லீவில நிண்டுகொண்டு ஏன் கைவைச்சனீங்கள்?" என்று மனேஜர் கேட்டார்.

திறப்பு இரண்டு பேரிடம்தான் இருந்தது. தான் செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியும். மற்றது யார் என்று கணக்குப் போடத் தேவையில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அட்டைத் துண்டை நீட்டிக்கொண்டு நின்ற அன்றைக்கு எப்படிப் பார்த்தாரோ, அப்படியே பார்த்தார். அந்த மாதம் என்னை அணித் தலைவராக உறுதிப்படுத்தும் கடிதம் வர இருந்தது. நான் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"என்ர பேரிலதான் போயிருக்கு சேர். பிழை வந்தா என்னட்ட வாங்கோ எண்டு நான்தான் எழுதி வச்சனான்" என்றார்.

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லையே, பிள்ளை."

"எனக்குச் சொல்ல இருக்கிறது அவ்வளவுதான்."

அறையை விட்டு வந்தபின் படிக்கட்டில் எனக்காக நின்றார். "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். கீழே வாசலில் இரண்டு கழுதைகள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. அவற்றை விலக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறப்பை அவரிடமிருந்து வாங்கினார்கள். வாடிக்கையாளர் அப்படிக் கேட்டிருந்தாராம். அதற்குப் பிறகு ஆறு கிழமை என் எதிர்க் கதிரையில் இருந்து, யாரோ எழுதியதைத் திருத்துகிற சின்ன வேலைகளைச் செய்தார். ஆறு கிழமையும் காலையில் "என்னண்ணா, சுகமோ?" என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு வாய்ப்புத் தந்தார் என்று இப்போது தெரிகிறது. ஏழாவது கிழமை வேலையை விட்டார். பிரியாவிடைக்கு கேக் வெட்டினோம். 'கூட வேலை செய்தவர்' என்று என்னைத்தான் பேசச் சொன்னார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே பேசினேன். கைதட்டலும் கிடைத்தது.

அலுமாரி என் பொறுப்புக்கு வந்தது. போகுமுன் அவர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். மனேஜரிடம் சொல்லி, அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த 'அழிக்காதே' வரியைத் திரும்பப் போட்டு, நான்காம் எண்ணை விட்டிருந்தார். ஏழு அணிக்கும் கூப்பிட்டுச் சொல்லியுமிருந்தார். பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கவில்லை. 'பழைய எண்களை வைத்திருப்பவர்கள் என்னைத் தேடக்கூடும்' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே, மூன்றாம் எண்ணைப் பற்றி இரண்டு வரி:

'இந்த எண் வெளியே விட்ட பிறகு ஒரு தடவை மாற்றப்பட்டது. நம்பி எடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.
மாற்றியவர்:'

அதற்கு அப்பால் வெறுமை.

அந்த வெறுமையோடு எத்தனையோ வருடம் இருந்துவிட்டேன். அலுமாரி இப்போது பெரிதாகிவிட்டது. புதிதாக எடுக்கிறவர்கள் எல்லோரும் அந்த வரியைப் பார்க்கிறார்கள். "இது என்னண்ணா, ஆள் இல்லாமக் கிடக்கு?" என்று கேட்டால், "அது ஒரு பழைய கதை" என்பேன். குரல்கூட நடுங்காது.

போன மாதம் யாழ்ப்பாண அணிக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற பெண் கூப்பிட்டார். எந்த வேலையையும் அரைகுறையாக விடாதவர்.

"அண்ணா, மூண்டாம் நம்பரில மாற்றியவர் எண்ட இடம் நிரப்பாமல் கிடக்கு. மேல ஓராளின்ர பேரும் போன் நம்பரும் இருக்கு, அவவாத்தானே இருக்கும்? அதைப் போட்டு நிரப்பிவிடட்டோ?"

அவர் பெயரைப் பிழையான இடத்தில் நான் எழுத வைத்தது ஒரு தடவை. இப்போது இன்னொருவரின் கையால், என் அனுமதியோடு, எல்லோரும் பார்க்கும்படியாக, இரண்டாவது தடவை.

"வேண்டாம்" என்றேன். "அது அவ இல்லை. நான் நிரப்புறன்."

என் பெயரை எழுத ஒரு நிமிடம் போதும். எழுதிய பிறகுதான் மிச்சம் உறைத்தது. ஓர் எழுத்து மாறினாலும் புது எண், புது எண் என்றால் பட்டியலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தொலைபேசி. சத்தமில்லாமல் பெயரை எழுதிவிட்டுப் போக அவர் வழி வைக்கவில்லை.

ஐந்தாம் எண்ணை விட்டேன். பட்டியலைக் கீழிருந்து மேலாகக் கூப்பிடத் தொடங்கினேன். ஒவ்வொருவருக்கும், "மாற்றம் ஒண்டுதான். மூண்டாம் நம்பரைச் சொல்லாமல் மாத்தினது நான். என்ர பேரை எழுதியிருக்கிறன்" என்று சொன்னேன். திருப்பிச் சொல்லும்படி கேட்டேன். புதியவர்களுக்கு அது ஒன்றுமில்லை, சொல்லிவிட்டு வைத்தார்கள். யாழ்ப்பாணப் பெண் கொஞ்சம் தயங்கிச் சொன்னார். பட்டியலில் இல்லாவிட்டாலும் நான் கூப்பிட்ட எங்கள் மனேஜர், இப்போது ஓய்வை நெருங்கியவர், அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே சொன்னார். கொழும்பு அணித் தலைவர் தன்னுடைய தமிழில் ஒவ்வொரு சொல்லாக ஒப்புவித்தார். என் பெயருக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "நீங்களா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசியாக, பட்டியலில் முதலாவதாக இருந்த எண் மிஞ்சியது.

"சொல்லுங்கண்ணா" என்றார். என் எண்ணை இன்னும் வைத்திருந்தார்.

மற்றவர்களுக்குச் சொன்ன அதே வசனத்தைச் சொன்னேன். இந்தத் தடவை நடுவில் இரண்டு முறை நின்றுதான் முடிக்க முடிந்தது. அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"திருப்பிச் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்."

"எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?"

"ஓம். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். நீங்கள்தான் கடைசி."

தையல் மெஷின் மறுபடி ஒரு வரி ஓடி நின்றது.

"அந்தப் பட்டியல்ல என் பேர்தானே முதல்ல இருக்கு அண்ணா?" என்றார்.